ஜே. பி. சந்திரபாபு

ஜே. பி. சந்திரபாபு (ஆகஸ்ட் 1927 – மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், குணச்சித்திர நடிகர், பின்னணிப் பாடகர், நடனக் கலைஞர், திரைப்பட இயக்குநர் ஆவார். முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரோட்ரிக்ஸ். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உள்ள தூத்துக்குடியில் பிறந்தவர். 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் தமிழ்த் திரையுலகில் பெரும் புகழுடன் விளங்கினார். தம் பாடல்களைத் தாமே பாடி, தாமே ஆடி நடித்த மிகச் சில தமிழ் நடிகர்களுள் ஒருவர். மேனாட்டு இசைமுறையான யோட்லிங்கைத் தமிழ்த் திரைப்பாடல்களில் பரவலாக அறிமுகப்படுத்தியவர் என்ற சிறப்பும் இவருக்கு உண்டு. நகைச்சுவை நடிகர் என்ற எல்லையைக் கடந்து கதாநாயகனாகவும் இயக்குநராகவும் உயர முயன்றார். அம்முயற்சிகள் இவரைக் கடனாளியாக்கின. தமது 46ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

பிறப்பும் குடும்பப் பின்னணியும்

சந்திரபாபு, தூத்துக்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தார். மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் முத்துக்குளித்தலையும் மீன்பிடித்தலையும் தொழிலாகக் கொண்ட பரதவர்கள், 1535–1537 ஆண்டுகளில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து ஊர் ஊராகச் சென்று சமயப்பணி ஆற்றினார். ரோட்ரிக்ஸ், பெர்னாண்டோ போன்ற போர்த்துகீசியக் குடும்பப் பெயர்கள் இங்கு வழங்கிவருவது இவ்வரலாற்றின் விளைவாகும்.

தூத்துக்குடியின் தூய பனிமய மாதா ஆலயம் 1582இல் அமைக்கப்பட்டது. நான்கு நூற்றாண்டுகள் நிறைவுற்ற 1982ஆம் ஆண்டில் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கும் இவ்வாலயத்தின் திருவிழா ஆகஸ்ட் 5 அன்று நிறைவுறும். இத்திருவிழாக் காலத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைக்கு மாதாவின் பெயரால் பனிமயதாஸ் என்று பெயரிட்டனர். வீட்டில் பாபு என்று அழைக்கப்பட்டார். பரதவர் தம்மைச் சந்திரகுலத்தினர் எனக் கூறிக்கொள்ளும் மரபை ஒட்டி, பின்னாளில் பாபு என்ற பெயருடன் சந்திர என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

இவருடைய தந்தை ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்ட வீரர். ‘சுதந்திர வீரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய நகரம் தூத்துக்குடி. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான உணர்வு அங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ரோட்ரிக்ஸின் பத்திரிகையை அரசு பறிமுதல் செய்தது. போராட்டத்தில் பங்கேற்றதற்காக அவர் கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின்னர் குடும்பம் ஊரை விட்டு வெளியேறி இலங்கைக்குச் செல்ல நேர்ந்தது.

இலங்கையில் இளமைக்காலம்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணிப் போக்குவரத்தும் வணிகமும் நெடுங்காலமாக இருந்துவந்தன. பரதவர் பலர் கொழும்பில் வணிகம் செய்து அங்கேயே தங்கியிருந்தனர். எனவே ரோட்ரிக்ஸ் குடும்பத்துக்கு அந்நகரம் முற்றிலும் அந்நியமான இடமாக இருக்கவில்லை. சந்திரபாபு தம் பள்ளிப் பருவத்தைக் கொழும்பில் கழித்தார். சிறு வயதிலேயே ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றார்.

அக்காலக் கொழும்பு, துறைமுக நகரங்களுக்கே உரிய பல்லினக் கலப்பைக் கொண்டிருந்தது. தேவாலய இசை, ஆங்கிலப் படங்கள், மேனாட்டு இசைத்தட்டுகள், போர்த்துகீசிய வேர் கொண்ட பைலா ஆட்டப்பாட்டு ஆகியவை அங்கு புழக்கத்தில் இருந்தன. தமிழ்த் திரையுலகில் அந்நாளில் நுழைந்தவர்களுள் பெரும்பாலோர் நாடகக் குழுக்களில் பயின்றவர்கள். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட அக்குழுக்களில் கருநாடக இசையும் வசன உச்சரிப்பும் கற்பிக்கப்பட்டன. சந்திரபாபுவுக்கு அத்தகைய பயிற்சி இல்லை. அவருடைய கலையின் தனித்தன்மைக்கும், தொடக்கத்தில் அவர் எதிர்கொண்ட தயக்கத்துக்கும் இது ஒரு காரணமாகும்.

1943இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை பத்திரிகைத் துறையில் பணியாற்றினார். மகன் திரைப்பட வாய்ப்புத் தேடத் தொடங்கினார்.

திரையுலக நுழைவு

மணிக்கொடி எழுத்தாளர்களுள் ஒருவரான பி. எஸ். ராமையா இயக்கிய ‘தன அமராவதி’ (1947) சந்திரபாபு நடித்த முதல் திரைப்படமாகும். ஆனால் அடுத்த வாய்ப்புகள் உடனே வரவில்லை. படப்பிடிப்பு நிலையங்களின் வாயில்களில் பல ஆண்டுகள் காத்திருந்தார். ‘மோகன சுந்தரம்’ (1951), ‘சின்னத்துரை’ (1952) போன்ற படங்களில் சிறு வாய்ப்புகள் கிடைத்தன.

எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ அக்காலத்தில் தென்னிந்தியாவின் மிகப்பெரிய படநிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. வாசனைச் சந்திக்கப் பலமுறை முயன்றும் இயலாமல் போனதால் மனமுடைந்த சந்திரபாபு, 1952இல் அந்நிலையத்தின் வளாகத்திலேயே தற்கொலைக்கு முயன்றார். அங்கிருந்தவர்கள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று காப்பாற்றினர். தற்கொலை முயற்சி அக்காலச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகையால் அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே நடிப்புத் திறனைக் காட்டுமாறு கேட்கப்பட்டபோது சேக்சுபியர் நாடகப் பகுதி ஒன்றை நடித்துக் காட்டினார் என்றும், அதன் பிறகு விடுவிக்கப்பட்டார் என்றும் கூறப்படுகிறது. இந்நிகழ்வு வாசனின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டு வெளிவந்த ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் சந்திரபாபுவுக்கு வேடம் அளிக்கப்பட்டது.

பாடகர்

திரைப்படங்களில் பின்னணிப் பாடகர்கள் பாட, நடிகர்கள் வாயசைக்கும் முறை 1950களில் நிலைபெற்றுவிட்டது. பாடி நடிக்கத் தெரிந்த பழைய நாடக நடிகர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிய காலம் அது. சந்திரபாபு தம் பாடல்களைப் பெரும்பாலும் தாமே பாடினார். பிறருக்கும் குரல் கொடுத்தார். ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘பெண்’ (1954) படத்தில், பிற்காலத்தில் வீணைக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்ற எஸ். பாலச்சந்தருக்காக இவர் பாடிய திருமணப் பாடல் பெரிதும் விரும்பப்பட்டது.

இவருடைய குரல் மெல்லியது. அதில் சற்றே கரகரப்பும் ஆங்கில உச்சரிப்பின் சாயலும் இருந்தன. கருநாடக இசையின் கமகங்களை அவர் நாடவில்லை. சொற்களைப் பேசுவது போல உதிர்த்து, தாளத்தோடு விளையாடும் முறையைக் கையாண்டார். இயல்பான மார்புக் குரலிலிருந்து உச்சத்தில் ஒலிக்கும் பொய்க்குரலுக்கு விரைந்து மாறி மாறித் தாவும் முறை யோட்லிங் எனப்படும். ஆல்ப்சு மலைப்பகுதி மேய்ப்பர்களிடையே தோன்றிய இம்முறை அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களால் இசைத்தட்டுகளில் பரவியது. இந்தித் திரையுலகில் கிஷோர் குமார் அதைக் கையாண்டார். தமிழில் அதைத் தம் முத்திரையாக ஆக்கிக்கொண்டவர் சந்திரபாபு.

‘பதிபக்தி’ (1958) படத்தில் வி. என். சுந்தரத்துடன் இவர் பாடிய பாடல், அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த ராக் அண்ட் ரோல் இசையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ‘மணமகன் தேவை’ (1957) படத்தில் ஜி. ராமநாதன் இசையில் பாடிய ‘பம்பரக் கண்ணாலே’, ‘மரகதம்’ (1959) படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் கே. ஜமுனா ராணியுடன் பாடிய ‘குங்குமப் பூவே’ ஆகியவை இவருடைய பெயரை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தன. மரபிசையில் ஊறிய இசையமைப்பாளர்களும் இவருக்கென்று மெட்டமைக்கும்போது மேனாட்டுத் தாளங்களை நாடினர்.

துள்ளல் பாடல்களைப் போலவே துயரப் பாடல்களிலும் இவர் தனித்து நின்றார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் ஆகியோர் எழுதிய தத்துவப் பாடல்களை இவர் பாடினார். ‘கவலை இல்லாத மனிதன்’ (1960), ‘குமாரராஜா’ (1961), ‘அன்னை’ (1962), ‘ஆண்டவன் கட்டளை’ (1964) ஆகிய படங்களில் இவர் பாடியவை அவ்வகையின. உலகைப் பார்த்து நகைப்பவன் ஒருவனின் குரலில் துயரம் வெளிப்படுவதே அப்பாடல்களின் ஆற்றலாகும். மெல்லிசை மன்னர்களான விஸ்வநாதன், ராமமூர்த்தி இரட்டையரின் இசையில் இவர் பல பாடல்களைப் பாடினார். எம். எஸ். விஸ்வநாதன் இவருக்கு வாழ்நாள் முழுவதும் நெருங்கிய நண்பராக விளங்கினார்.

நடிகர்

1950களில் தமிழ்த் திரையில் நகைச்சுவைக்குப் பல வழிகள் இருந்தன. என். எஸ். கிருஷ்ணன் சீர்திருத்தக் கருத்துகளைச் சிரிப்புடன் கலந்தார். கே. ஏ. தங்கவேலு உரையாடலின் ஏற்ற இறக்கத்தால் சிரிக்க வைத்தார். டி. ஆர். ராமச்சந்திரன் அப்பாவித்தனத்தைக் கையாண்டார். சந்திரபாபுவோ உடலையே கருவியாகக் கொண்டார். வழுக்கி விழுதல், தடுமாறி எழுதல், கால்கள் பின்ன ஆடுதல் ஆகியவற்றில் அவருக்கு நிகர் இல்லை. அவருடைய நடனத்தில் மேனாட்டு அசைவுகளும் கோமாளித்தனமும் கலந்திருந்தன.

டி. ஆர். ராமண்ணா இயக்கிய ‘குலேபகாவலி’ (1955), கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘புதையல்’ (1957), எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) ஆகியவை இவருடைய புகழை வளர்த்தன. ‘நாடோடி மன்னன்’ படத்தில் சகாயம் என்ற பாத்திரத்தில் நடித்தார். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் ஆகிய இருவரின் படங்களிலும் இவர் ஒருசேர இடம்பெற்றார். இரு நடிகர்களின் ரசிகர்களும் பிரிந்து நின்ற காலத்தில் இது சிறப்பாகும்.

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘சபாஷ் மீனா’ (1958) இவருடைய நடிப்பு வாழ்க்கையின் உச்சமாகக் கருதப்படுகிறது. சிவாஜி கணேசனின் நண்பராகவும், சென்னை ரிக்‌ஷாக்காரராகவும் இரட்டை வேடங்களில் இவர் நடித்தார். சென்னைப் பேச்சுவழக்கைத் திரையில் உயிர்ப்புடன் கையாண்ட தொடக்ககால நடிகர்களுள் ஒருவராக இப்படத்தின் வழி அறியப்படுகிறார். இப்படத்தைப் பந்துலுவே இந்தியில் ‘தில் தேரா தீவானா’ (1962) என எடுத்தார். அதில் நடித்த மெஹ்மூத் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த ‘உள்ளத்தை அள்ளித்தா’ (1996) படத்திலும் ‘சபாஷ் மீனா’வின் கதைக்கூறுகள் இடம்பெற்றன.

ஏ. பீம்சிங் இயக்கிய ‘சகோதரி’ (1959) படத்தின் வெற்றியிலும் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. எடுத்து முடிக்கப்பட்ட படம் மனநிறைவு தராததால், தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் சந்திரபாபுவை அழைத்து நகைச்சுவைப் பகுதி ஒன்றைச் சேர்த்தார். பால்காரர் வேடத்தில் சந்திரபாபு நடித்த அப்பகுதி படத்தைக் காப்பாற்றியது என்பது திரையுலகில் வழங்கிவரும் செய்தியாகும்.

கதாநாயகன்

புகழின் உச்சியில் இருந்தபோது சந்திரபாபு நகைச்சுவை நடிகர் என்ற நிலையில் நிறைவு கொள்ளவில்லை. நடிப்பு, பாட்டு, நடனம் ஆகிய மூன்றும் கைவந்த தமக்கு முழுப்படத்தையும் தாங்கும் தகுதி உண்டு என்று அவர் நம்பினார். கண்ணதாசன் தயாரிப்பில் கே. சங்கர் இயக்கிய ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் முதன்மை வேடம் ஏற்றார். இப்படத்தின் பாடல்கள் நிலைத்தனவாயினும் படம் தோல்வியுற்றது. கண்ணதாசன் பெரும் பொருளிழப்புக்கு ஆளானார். படப்பிடிப்பு தாமதமானதற்குச் சந்திரபாபுவின் ஒத்துழையாமையும் ஒரு காரணம் என்று கண்ணதாசன் பின்னர் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ‘குமாரராஜா’வும் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை.

நகைச்சுவை நடிகர் கதாநாயகனாவதைத் தமிழ் ரசிகர்கள் ஏற்கவே மாட்டார்கள் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. நாகேஷ் முதன்மை வேடத்தில் நடித்த ‘சர்வர் சுந்தரம்’ (1964) பெரும் வெற்றி பெற்றது. அப்படத்துக்குக் கே. பாலசந்தரின் கதையும் ஏ.வி.எம். நிறுவனத்தின் வலிமையும் துணை நின்றன. நாகேஷின் எழுச்சியுடன் சந்திரபாபுவுக்கு வந்த வாய்ப்புகள் குறையத் தொடங்கின.

இயக்குநர்

1960களில் எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாகக் கொண்டு ‘மாடி வீட்டு ஏழை’ என்ற படத்தைத் தாமே இயக்கத் தொடங்கினார். சில நாள்களே படப்பிடிப்பு நடைபெற்றது. கால்ஷீட் தொடர்பான கருத்து வேறுபாடுகளால் படம் பாதியில் நின்றது. இம்முயற்சியில் அவர் கடனில் மூழ்கினார். அடையாறை அடுத்த கேசவப்பெருமாள்புரத்தில் அவர் ஆசையுடன் கட்டிய வீடும் கையை விட்டுப் போயிற்று. மாடி வரை காரை ஓட்டிச் செல்லும்படி அவ்வீடு திட்டமிடப்பட்டிருந்தது என்று கூறுவர்.

இதன் பின்னரும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) என்ற படத்தை எழுதி இயக்கி, சாவித்திரியுடன் நடித்தார். விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியில் வரும் தொடரைத் தழுவியது இப்படத்தின் பெயர். நகைச்சுவையை முதன்மையாகக் கொள்ளாமல், பாத்திரங்களின் துன்பத்தை மையமாக்கிய இப்படம் வணிக வெற்றி பெறவில்லை. இவர் இயக்கி வெளிவந்த படம் இது ஒன்றே.

கருத்து வேறுபாடு இருந்தபோதிலும் எம்.ஜி.ஆர். தம் படங்களில் பின்னரும் சந்திரபாபுவுக்கு வாய்ப்பளித்தார். ‘பறக்கும் பாவை’ (1966), ‘கண்ணன் என் காதலன்’ (1968), ‘அடிமைப்பெண்’ (1969) ஆகியவை அவற்றுள் சில. சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜா’ (1972) படத்திலும் தோன்றினார். 1974இல் வெளிவந்த ‘பிள்ளைச் செல்வம்’ இவருடைய கடைசிப் படங்களுள் ஒன்றாகும்.

தனிவாழ்வும் இயல்பும்

சந்திரபாபுவின் திருமணம் 1958இல் நடைபெற்றது. தாம் வேறொருவரை விரும்பியிருந்ததாக மனைவி தெரிவித்தபோது, அவரைத் தடுக்காமல் அவர் விரும்பியவரிடமே அனுப்பிவைத்தார். பின்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கே. பாக்யராஜ் இயக்கிய ‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்தின் கதைக்கு இந்நிகழ்வு தூண்டுதலாக இருந்தது எனக் கூறப்படுகிறது.

அவர் எவரிடத்தும் மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசும் இயல்பினர். முன்னணி நடிகர்களைக் குறித்து வெளிப்படையாக விமர்சித்தார். பெரியவர்களையும் பெயர் சொல்லியோ தோளில் கைபோட்டோ பழகினார். படிநிலையும் பணிவும் எதிர்பார்க்கப்பட்ட திரையுலகில் இது ஆணவமாகக் கருதப்பட்டது. இவ்வியல்பால் நண்பர்களை ஈர்த்ததைப் போலவே வாய்ப்புகளையும் இழந்தார். குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் முன்னிலையில் பாடியபோது, தம் பாடலை அவர் நுட்பமாக ரசித்ததைக் கண்டு மகிழ்ந்து, மரபுகளை மறந்து அவர் மடியில் அமர்ந்துவிட்டதாக ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது.

எழுத்தாளர் ஜெயகாந்தன் இவருடைய நண்பர்களுள் ஒருவர். தம் கலையுலக அனுபவங்களைப் பதிவு செய்தபோது சந்திரபாபுவைப் பற்றியும் எழுதியுள்ளார்.

மண முறிவும் கடனும் வாய்ப்பிழப்பும் ஒன்றையொன்று தொடர்ந்தன. மதுவுக்கும் போதை மருந்துக்கும் அடிமையானார். உடல்நலம் குன்றியதால், அவருடைய நடிப்பின் அடித்தளமாக இருந்த துள்ளலும் குறைந்தது.

மறைவு

சந்திரபாபு மார்ச் 8, 1974 அன்று சென்னையில் காலமானார். சிவாஜி கணேசன், எம். எஸ். விஸ்வநாதன் உள்ளிட்ட நண்பர்கள் இறுதிச் சடங்குக்குத் துணைநின்றதாகக் கூறப்படுகிறது. அவருடைய உடல் சாந்தோம் அருகிலுள்ள குயிபிள் தீவு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆகஸ்ட் 15, 1975 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. எனவே சந்திரபாபு தொலைக்காட்சிக் காலத்தைக் காணவில்லை. ஆயினும் அவர் திரையரங்குகளை விட்டு மறைந்த பின்னர்ப் பிறந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியதில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய பாடல் நிகழ்ச்சிகளிலும் படங்களின் மறுஒளிபரப்பிலும் அவருடைய நடனமும் குரலும் தொடர்ந்து இடம்பெற்றன. மேடைகளில் பலகுரல் கலைஞர்கள் அவருடைய குரலையும் யோட்லிங்கையும் போலச்செய்வது வழக்கமாயிற்று.

எழுத்தாளர் முகில் எழுதிய ‘கண்ணீரும் புன்னகையும்’ என்ற நூல் சந்திரபாபுவின் வாழ்க்கை வரலாறாகும்.

சந்திரபாபுவின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு வீழ்ச்சியின் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. எனினும் அவர் தோல்வியுற்ற படங்களிலிருந்தே அவருடைய சிறந்த பாடல்கள் சில கிடைத்தன என்பது குறிப்பிடத்தக்கது. கதாநாயகனாக உயர அவர் மேற்கொண்ட முயற்சிகள் இல்லையெனில், ‘கவலை இல்லாத மனிதன்’, ‘குமாரராஜா’ ஆகிய படங்களின் தத்துவப் பாடல்கள் அவர் குரலில் அமைந்திருக்க வாய்ப்பில்லை. நகைச்சுவை நடிகரின் குரலில் ஆழ்ந்த துயரத்தையும் சொல்ல இயலும் என்பதை அவை தமிழ்த் திரையில் நிறுவின.

நடித்த திரைப்படங்களில் சில

தன அமராவதி (1947)
மோகன சுந்தரம் (1951)
சின்னத்துரை (1952)
மூன்று பிள்ளைகள் (1952)
குலேபகாவலி (1955)
புதையல் (1957)
மணமகன் தேவை (1957)
பதிபக்தி (1958)
நாடோடி மன்னன் (1958)
சபாஷ் மீனா (1958)
மரகதம் (1959)
சகோதரி (1959)
கவலை இல்லாத மனிதன் (1960)
குமாரராஜா (1961)
அன்னை (1962)
ஆண்டவன் கட்டளை (1964)
தட்டுங்கள் திறக்கப்படும் (1966) – இயக்கமும்
பறக்கும் பாவை (1966)
கண்ணன் என் காதலன் (1968)
அடிமைப்பெண் (1969)
ராஜா (1972)
பிள்ளைச் செல்வம் (1974)